மூட்டு மாற்றிய கால் மடங்கினால் மட்டும் போதாது, நிற்கவும் பழக வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் உறவினர்கள் முதலில் கேட்பது, "கால் எவ்வளவு மடங்குது?" என்றுதான். மறுபரிசோதனைக்குப் போனாலும் பெரும்பாலும் அதுவே அளக்கப்படுகிறது. 90 டிகிரி வந்ததா, 110 வந்ததா, 120 வருமா என்று வீடே கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் காலில் மட்டும் ஊன்றி எத்தனை விநாடி நிற்க முடிகிறது, கண்ணை மூடினால் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைக் குனிந்து பார்க்காமலே சொல்ல முடிகிறதா என்றெல்லாம் கேட்பவர் அரிது. மூட்டு நன்றாக மடங்கி, வலியும் குறைந்த பிறகு பாத்ரூம் வாசலில் தடுமாறி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்விகளை யாரும் கேட்காமல் விடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மூட்டு மாற்றியவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளர்கள் நாங்கள். சமநிலைப் பயிற்சி, உடல் உணர்வுப் பயிற்சி பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பது பார்க்காமலே நமக்குத் தெரிகிறது. தசைகள், தசைநாண்கள், மூட்டைச் சுற்றியுள்ள உறை, மூட்டுக்குள்ளிருக்கும் ஜவ்வுகள், தோல் ஆகியவற்றில் உள்ள நுண்ணிய உணர்விகள் ஓயாமல் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. செயற்கை மூட்டு பொருத்தும்போது முழங்காலின் நடுவே குறுக்காக ஓடும் இரண்டு ஜவ்வுகளில் முன்னது ஏறக்குறைய எப்போதும் அகற்றப்படுகிறது. பின்னதை விட்டுவைக்கும் மூட்டு வகையும் உண்டு, எடுத்துவிடும் வகையும் உண்டு. எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருந்த மெனிஸ்கஸ் இரண்டும் போய்விடும். இவற்றோடு அவற்றிலிருந்த உணர்விகளும் போகின்றன. பக்கவாட்டு ஜவ்வுகள், மூட்டு உறையின் பெரும்பகுதி, தொடை மற்றும் கெண்டைக்கால் தசைகள், தோல் ஆகியவை மிஞ்சுகின்றன. போனதை எந்தப் பயிற்சியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மிஞ்சியிருப்பவை அனுப்பும் செய்தியை மூளை கூர்ந்து கவனிக்கப் பழக்கலாம். பயிற்சியின் வேலை அதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூட்டுத் தேய்மானமே இந்த உணர்வை வருடக்கணக்கில் மழுங்கடித்திருக்கும். நம் ஊரில் அறுவை சிகிச்சைக்கு வரும் முழங்கால்களில் பெரும்பாலானவை வெளிப்பக்கமாக வளைந்தவை. வளைந்த காலில் நடந்து நடந்து, அந்த வளைவுக்கு ஏற்றபடி இடுப்பும் முதுகும் பாதமும் பழகிவிட்டிருக்கும். ஒரே நாளில் கால் நேராக்கப்படுகிறது. உடம்போ இன்னும் பழைய காலையே எதிர்பார்க்கிறது. "இந்தக் கால் நீளமா இருக்கிற மாதிரி இருக்கு" என்று பலர் சொல்வது இதனால்தான். நேரானதில் சிறிது நீளம் கூடியிருக்கலாம் என்றாலும் உணர்வுதான் அதைப் பெரிதாக்குகிறது. பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் இது மறைந்துவிடும். அதற்குள் மறுகால் செருப்புக்குள் தாமாகவே அட்டை, துணி வைத்து உயரம் கூட்டுவது தவறு.

தழும்பின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்திருப்பதைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். வெட்டும் இடத்தில் தோலுக்குச் செல்லும் ஒரு சிறு நரம்புக் கிளை அறுபடுவதால் வருவது அது. தடுமாற்றத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை.

தொடையின் முன்பக்கத் தசை பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் அதன் வலு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவது வழக்கம். தசை மெலிவது இதற்கு ஒரு பகுதிக் காரணம்தான். வீங்கிய மூட்டிலிருந்து போகும் செய்தி, தசையை இயக்கும் நரம்புகளைத் தண்டுவடத்திலேயே அடக்கிவிடுகிறது என்பதே பெரிய காரணம். ஆரோக்கியமான முழங்காலுக்குள் 20, 30 மில்லி உப்புநீரைச் செலுத்தினாலே தொடையின் உட்பக்கத் தசை மங்கிப்போவதை 1980களிலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அறுவை சிகிச்சை செய்த மூட்டில் இருக்கும் வீக்கம் அதைவிடப் பல மடங்கு. ஆகவே வீக்கத்தை இறக்குவதும் சமநிலைப் பயிற்சியின் ஒரு பாகமே. அதை விட்டுவிட்டு ஒற்றைக் காலில் நிறுத்தினால், கட்டளைக்குப் பணியாத தசையின் மேல் உடம்பை ஏற்றிவைப்பதாகிவிடும்.

முதல் நாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வலி தெரியாமலிருக்கக் காலுக்குப் போகும் நரம்பை மரக்கச் செய்யும் மருந்து செலுத்தியிருந்தால் தொடைத் தசை சில மணி நேரம் செயலிழந்திருக்கும். வலி இல்லாததால் "நானே போய்க்கிறேன்" என்று கட்டிலைவிட்டு இறங்குகிறவர்கள் அந்த நேரத்தில்தான் விழுகிறார்கள். படுத்தபடியே காலை நேராக உயர்த்தி 5 விநாடி நிறுத்த முடியாதவரை, துணையும் வாக்கரும் இல்லாமல் எழக் கூடாது.

முதல் இரண்டு வாரங்களில் செய்ய வேண்டியவை எளிமையானவை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்கி முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி 5 விநாடி பிடிப்பது, குதிகாலை இழுத்து மடக்குவது எல்லாம் பெரும்பாலான மருத்துவமனைகளில் சொல்லித் தருகிறார்கள். சொல்லியும் வீட்டில் கெட்டுப்போவது ஒன்று உண்டு. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது. சுகமாக இருக்கும்; ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். முழுதாக நீளாமல் 10 டிகிரி மடங்கியே நிற்கும் காலில், நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது களைத்ததும் தடுமாற்றம் வரும். உருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தானாக நீளட்டும். ஒரு நாளில் மூன்று நான்கு முறை, 5 முதல் 10 நிமிடம்.

இதே காலத்தில் எடை மாற்றும் பயிற்சியையும் தொடங்கிவிடலாம். முழு எடையும் ஊன்றலாம் என்று எலும்பு மருத்துவர் அனுமதித்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வாக்கரையோ சமையல் மேடையையோ பிடித்துக்கொண்டு, பாதங்களை இடுப்பு அகலத்துக்கு வைத்து நின்று, உடம்பை மெதுவாக அறுவை சிகிச்சை செய்த கால் பக்கம் நகர்த்துங்கள். 5 விநாடி நிறுத்தி நடுவுக்கு வாருங்கள். பத்து முறை. தோளைச் சாய்த்து ஏமாற்றுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. நகர வேண்டியது இடுப்பு. தோள்கள் தரைக்குச் சமமாகவே இருக்க வேண்டும்.

உண்மையிலேயே எடை மாறுகிறதா என்று கண்டுபிடிக்க வீட்டிலுள்ள எடை மெஷினே போதும். மெஷினை அறுவை சிகிச்சை செய்த காலுக்கு அடியிலும், அதே உயரமுள்ள, ஆடாத பலகையை மறுகாலுக்கு அடியிலும் வைத்து, முன்னால் மேடையை விரல் நுனியால் தொட்டபடி இயல்பாக நிற்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவருக்கு மெஷின் 35 காட்ட வேண்டும். 25 காட்டினால், நேராக நிற்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், உடம்பு நிற்கவில்லை என்று பொருள். தன் சாய்வைத் தானே எண்ணில் பார்ப்பவர் சீக்கிரம் திருத்திக்கொள்கிறார். இப்போது வரும் டிஜிட்டல் மெஷின்களில் எண் ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு மாறாது. முள் நகரும் பழைய மெஷின்தான் இதற்கு ஏற்றது. முதலில் முள்ளைப் பார்த்தபடி 35க்குக் கொண்டுவாருங்கள். பிறகு நேரே பார்த்தபடி, உணர்வை மட்டும் நம்பிக் கொண்டுவந்து, கடைசியில் வீட்டிலுள்ள ஒருவரை எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். கையை மேடையில் அழுத்தி ஊன்றினால் கணக்கே தப்பாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மூட்டின் நிலையை உணரும் பயிற்சியை உட்கார்ந்தே செய்யலாம். விழும் அபாயம் இல்லாததால் இரண்டாவது வாரத்திலேயே தொடங்கலாம். செலவு ஒரு சாக்பீஸ். டைல்ஸ் அல்லது சிமென்ட் தரையில் நாற்காலி போட்டு, பாதத்துக்கு அடியில் மடித்த துணி வைத்துக்கொள்ளுங்கள். குதிகால் நகரும் வழியில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று கோடுகள் போடுங்கள். கண்ணைத் திறந்து, குதிகாலை நடுக்கோட்டுக்கு மெதுவாக நகர்த்தி, 5 விநாடி நிறுத்தி, அந்த இடத்தில் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உணருங்கள். காலைத் திரும்ப முன்னால் நீட்டிவிட்டுக் கண்ணை மூடுங்கள். இப்போது நடுக்கோட்டைத் தேடிப் போய் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து எத்தனை விரற்கடை தவறியது என்று பாருங்கள். மூன்று கோடுகளையும் மாற்றி மாற்றிப் பத்துப் பதினைந்து முறை செய்தால் ஐந்து நிமிடம் ஆகும். வேகமாக இழுத்து நிறுத்துவதில் பயனில்லை; மெதுவாகப் போகும்போதுதான் உணர்வு வேலை செய்கிறது. நாற்காலிக் கால் கெண்டையில் இடித்தால் அதுவே அடையாளமாகிவிடும் என்பதால் சற்று முன்னால் தள்ளி உட்கார வேண்டும். பழகியபின், துணைக்கு இருப்பவர் நல்ல காலை ஏதாவது ஒரு கோட்டில் வைக்க, கண்ணை மூடியபடியே மறுகாலை அதே அளவுக்குக் கொண்டுவருவது அடுத்த கட்டம்.

நாற்காலியிலிருந்து எழுவதையும் பயிற்சியாகவே கருத வேண்டும். சுமார் 45 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி உள்ள நாற்காலி. எழ முடியவில்லை என்றால் கெட்டியான திண்டு போட்டு உயர்த்துங்கள். எல்லோரும் செய்வது என்னவென்றால், அறுவை சிகிச்சை செய்த காலை ஒரு சாண் முன்னே நீட்டி வைத்துவிட்டு நல்ல காலிலேயே எழுந்துவிடுவார்கள். முதல் சில நாள் அதுதான் சொல்லித் தரப்படுகிறது. ஆனால் ஆறு வாரம் கழித்தும் அப்படியே தொடர்ந்தால் அந்தக் கால் எடை தாங்கக் கற்றுக்கொள்ளாது. மூன்றாவது, நான்காவது வாரத்திலிருந்தே பாதங்களைச் சிறிது சிறிதாக ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். பத்து முறை எழுந்து, மூன்று விநாடி எடுத்து மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழுந்து உட்காருவது பயிற்சியில் சேராது.

இனி நிற்கும் பயிற்சி. இடத்தை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். அறையின் மூலையில் முதுகு சுவரைப் பார்த்தபடி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முன்னால் கனமான நாற்காலியின் முதுகு. இப்படி நின்றால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்க ஏதாவது இருக்கும். வெறும் தரையில் வெறுங்காலோடு நிற்பது நல்லது. பாதத்தின் தோலும் செய்தி அனுப்பட்டும். டைல்ஸில் சாக்ஸ் போட்டு நிற்கவே கூடாது. ஹவாய் செருப்பும் கூடாது. துணைக்கு நிற்பவர் அறுவை சிகிச்சை செய்த கால் பக்கம், அரையடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். கையைப் பிடித்துத் தூக்குவதால் பயன் இல்லை, தோள்தான் இழுபடும். இடுப்பில் ஒரு துண்டை இறுகக் கட்டிவிட்டு, தேவைப்பட்டால் அதைப் பிடிக்கட்டும்.

முதலில் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து 30 விநாடி. அடுத்து ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னே நகர்த்தி 30 விநாடி. பிறகு ஒரு குதிகால் மறுபாதத்தின் பெருவிரலைத் தொடும்படி ஒரே கோட்டில் 30 விநாடி. இரண்டு கால்களும் முறைவைத்துப் பின்னால் வர வேண்டும். கடைசியாக ஒற்றைக்கால். ஒரு நிலையில் எதையும் தொடாமல் தொடர்ச்சியாக மூன்று முறை 30 விநாடி நின்ற பிறகுதான் அடுத்த நிலை. கையின் துணையையும் இப்படியே படிப்படியாக எடுக்க வேண்டும்: உள்ளங்கை ஊன்றுவது, பிறகு நான்கு விரல், பிறகு ஒரு விரல், அதன்பின் கை நாற்காலிக்கு மேலே இரண்டு அங்குலத்தில் காத்திருப்பது. நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டு நிமிடக் கணக்கில் நிற்பதால் கைக்குத்தான் பயிற்சி கிடைக்கும்.

நிற்கும்போது முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொள்வது மிகப் பரவலான தவறு. பூட்டிய மூட்டில் தசைக்கு வேலை இல்லை, உணரவும் எதுவும் இல்லை. முழங்காலை இம்மியளவு தளர்த்தி, தொடைத் தசை விழிப்போடு இருக்கும்படி நில்லுங்கள். பலர் கால் விரல்களைக் கொக்கிபோல் மடித்துத் தரையைப் பற்றுகிறார்கள். இன்னும் பலர் மூச்சையே பிடித்துக்கொள்கிறார்கள். வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாகச் சீராகும். பார்வை கண் மட்டத்தில், ஆறேழு அடி தூரத்திலுள்ள ஒரு காலண்டரிலோ சுவிட்ச் போர்டிலோ இருக்கட்டும். பாதத்தைக் குனிந்து பார்த்தால் உடம்பு முன்னே சாயும்.

ஒற்றைக்கால் பயிற்சியைப் பெரும்பாலும் ஆறு வாரத்துக்குப் பிறகு, வீக்கமும் வலியும் அடங்கியபின் தொடங்குகிறோம். 5 விநாடியிலிருந்து ஆரம்பித்தால் போதும். பின்னால் நிற்பவர் இடுப்பின் இரண்டு பக்க உயரத்தையும் பார்க்க வேண்டும். தூக்கிய கால் பக்கம் இடுப்பு இறங்கினால், ஊன்றிய காலின் இடுப்புப் பக்கத் தசைக்கு வலு போதவில்லை. அப்போது நிற்கும் நேரத்தைக் கூட்டுவதைவிட, ஒருக்களித்துப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியையும், சமையல் மேடை ஓரமாகப் பக்கவாட்டில் நடப்பதையும் சேர்க்க வேண்டும். இங்கும் பத்து அடி, அங்கும் பத்து அடி; பாதத்தின் நுனி வெளியே திரும்பாமல் நேரே இருக்கட்டும். எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. எழுபது வயதைத் தாண்டியவர்களில் பலரால் நல்ல காலிலேயே அதிக நேரம் நிற்க முடியாது. மறுகாலோடு ஒப்பிடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு முழங்கால்களையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு ஒப்பிடக் கால் இல்லை, சாய்ந்துகொள்ளவும் கால் இல்லை. அவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிலைத்து நிற்க நமக்குக் கண், உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு, கால் மற்றும் உடம்பின் உணர்வு என மூன்று வழிகளில் செய்தி கிடைக்கிறது. மூட்டு உணர்வு மழுங்கியவர்கள் தம்மை அறியாமலே கண்ணை அதிகம் நம்புகிறார்கள். பகலில் நன்றாக நடப்பவர் இரவில் மின்சாரம் போனதும் தடுமாறுவது இதனால்தான். குளிக்கும்போது முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும் கணமும் அப்படியே. ஆகவே கண்ணை மூடி நிற்கும் பயிற்சி வேண்டும். ஆனால் இரண்டு காலில், மூலையில், துணையோடு, 10 விநாடியில் தொடங்கி. கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பதை வயதானவர்கள் வீட்டில் செய்யவே கூடாது.

மெத்தென்ற தளத்தில் நிற்பது, பாதத்திலிருந்து வரும் செய்தியைக் குழப்பி மற்ற உணர்விகளைக் கூர்மையாக்குவதற்காக. ஐந்தாறு சென்டிமீட்டர் தடிமனுள்ள கெட்டியான ஃபோம் துண்டு போதும். கட்டில் மெத்தைமேல் ஏறி நிற்பது ஆபத்து. ஜமுக்காளத்தை நாலாக மடித்தும் செய்யலாம், ஆனால் டைல்ஸில் அது வழுக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போட வேண்டும். ஆடும் பலகை, அரைப்பந்து போன்ற கருவிகளை இணையத்தில் வாங்கி வீட்டில் தனியே ஏறுவதை நாங்கள் ஆதரிக்கவில்லை. அவை மூன்று மாதத்துக்குப் பிறகு, சிகிச்சையாளர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூட்டு மாற்றிக்கொள்ள வருகிறவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் ஏராளம். பல வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்வே மங்கியிருக்கலாம். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கருவி) எலும்பில் வைத்தும் சில நிமிடங்களில் இதைச் சோதித்துவிடலாம். சமநிலைப் பயிற்சி தொடங்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். உணர்வு குறைந்தவர்கள் வெறுங்காலில் பயிற்சி செய்யாமல், பின்பக்கம் வாருள்ள, அடிப்பாகம் மெல்லிய, வழுக்காத செருப்போடு செய்ய வேண்டும். முடித்ததும் பாதத்தைத் தடவிப் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கண்ணை மூடுவது, ஃபோம்மேல் நிற்பது இரண்டும் அவர்களுக்கு மேற்பார்வை இல்லாமல் கூடாது.

நின்று பழகியபின் நகர்ந்து பழக வேண்டும், ஏனென்றால் நின்ற இடத்தில் விழுகிறவர்கள் குறைவு. திரும்பும்போதும், பின்னால் ஒரு அடி வைக்கும்போதும், நிலைப்படியைத் தாண்டும்போதும்தான் விழுகிறார்கள். மேடையைத் தொட்டபடி பின்னோக்கி நடப்பது, தரையில் மடித்த துண்டுகளைப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டுவது, நடந்துகொண்டே தலையை இடம் வலமாகத் திருப்புவது எல்லாம் எட்டு வாரத்துக்கு மேல் சேரலாம். திரும்பும்போது ஊன்றிய காலைத் தரையில் வைத்தபடியே உடம்பை முறுக்கக் கூடாது. நாலைந்து சிறு அடிகளாக வைத்துத் திரும்ப வேண்டும். படிப் பயிற்சிக்கு முதலில் 10 சென்டிமீட்டர் உயரப் பலகை, பிறகு வீட்டுப் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை சிகிச்சை செய்த கால் முதலில் என்பது ஆரம்பகால விதி. வலு வந்தபின் கைப்பிடியைப் பிடித்து மாற்றி மாற்றி வைக்கலாம். இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். அது பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே போக வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் கவனத்தைப் பிரிக்க வேண்டும். அரைச் சொம்பு தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோவது, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லிக்கொண்டே நடப்பது போன்றவை. கோயில் கூட்டத்திலும் பேருந்து நிலையத்திலும் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டு யாராலும் நடக்க முடியாது. நினைக்காமல் நடக்கும்படி காலைப் பழக்கத்தான் இது.

ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு வேளையும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். தசை வலுவூட்டும் பயிற்சிகளுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். களைத்த தசையோடு நின்றால் தடுமாற்றமே மிஞ்சும். தலைசுற்றல் தரும் வலி மாத்திரையைப் போட்ட கையோடு செய்ய வேண்டாம். அளவு மீறியதா என்பதை மறுநாள் காலை முழங்கால் சொல்லிவிடும். முழங்காலின் முன்பக்கம் இருக்கும் சிப்பி எலும்பின் நடுவில் தையல் டேப்பால் தினமும் காலையில் சுற்றளவு எடுங்கள். முந்தைய நாளைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் பயிற்சியைப் பாதியாக்கி, துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். வீக்கத்தோடு மல்லுக்கட்டிச் செய்தால் முன்னே சொன்னபடி தசை இன்னும் அடங்கிப்போகும்.

கெண்டைக்காலில் புதிய வலியும் வீக்கமும், திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், தழும்பிலிருந்து நீர் அல்லது சீழ் கசிவது, முழங்கால் திடீரென்று மடிந்து விழுவது ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறலுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்; செயற்கை மூட்டைச் சுற்றிய எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம்.

முன்னேற்றத்தை அளக்க வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். வழக்கமான வேகம் போதும், ஓட வேண்டாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருப்பதாகக் கொள்வது வழக்கம். ஒரே கோட்டில் பாதங்களை வைத்து 10 விநாடி நிற்க முடியாததும் அப்படியே. அறுவை சிகிச்சைக்கு முன்பே விழுந்தவர்கள் பின்பும் விழ வாய்ப்பு அதிகம் என்பதால், சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையிலேயே "கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பயிற்சியால் எல்லாம் மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. வழக்கமான பயிற்சிகளோடு சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில், நிற்பதும் நடப்பதும் மேம்பட்டிருக்கின்றன. வலியிலும் மடங்கும் அளவிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. விழாமல் நடப்பதற்கு எது தேவையோ அதில் பலன் தெரிகிறது என்பதே எங்களுக்குப் போதுமான காரணம்.

இதற்கான ஏற்பாடுதான் இல்லை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுக்கு விலை உச்சவரம்பு விதித்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 54,720 ரூபாய் என்றானது. பலருக்கு எட்டாமல் இருந்த சிகிச்சை எட்டியது, பெரிய நன்மை. ஆனால் உலோகத்துக்கு விலை வைத்ததைப்போல அதற்குப் பிந்தைய பயிற்சிக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. வீடு திரும்பியபின் ஒவ்வொரு பயிற்சி வேளைக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருப்பதாலும், ஆட்டோவில் போய்வர முடியாததாலும் மூன்றாவது வாரத்திலேயே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். சமநிலைப் பயிற்சியின் பெரும்பகுதியைத் தொடங்க வேண்டிய நேரமோ அதற்குப் பிறகுதான் வருகிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு இருக்கிறது. மூட்டு மாற்றிக்கொண்டவர் வீடு திரும்பும் நாளிலேயே அவர் பெயர் அந்தப் பகுதிக் குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும். ஆறாவது, எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் ஒருமுறையாவது வீட்டுக்குப் போய், அந்த வீட்டின் படியிலும் பாத்ரூமிலும் வைத்தே பயிற்சி தர வேண்டும். காப்பீட்டுத் திட்டங்களின் தொகுப்புக் கட்டணத்தில் மூன்று மாதப் பயிற்சியும் சேர வேண்டும். மருத்துவமனைகள் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் மடங்கும் டிகிரிக்குப் பக்கத்திலேயே இரண்டு வரிகள் கூடுதலாக அச்சிடச் செலவில்லை: இரண்டு காலிலும் ஊன்றும் எடை எவ்வளவு, 3 மீட்டர் நடந்து திரும்ப எத்தனை விநாடி. மறுபரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு எண்களையும் நிரப்பி, நோயாளிக்குத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையையும் தனியார் மருத்துவமனைகளையும் உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்கள் சிலர்,
மதுரை.